தஞ்சாவூர் முதல் கோடியக்கரை வரை, கேமராப் பையோடு

வியாழன் இரவு, தஞ்சாவூர்

பொங்கல் கூட்டம் வடியட்டும் என்று காத்திருந்து, இன்று காலைதான் திருச்சியிலிருந்து காரைக் கிளப்பினோம். அண்ணன் மகளும் கூட வருகிறாள். கல்லூரியில் படிக்கிறாள். போன வருடம் கேமரா பிடிக்க ஆரம்பித்தவள், இப்போது என்னைவிட அதிகமாக எடுக்கிறாள். அவளிடம் இருப்பது நிக்கான் டி5600, அதோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸ், தனியாக வாங்கிய 70-300 (எண் கூடினால் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்). என் பையில் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வகை நிக்கான் இசட்5, அதற்கான 24-70, கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் காலத்திலிருந்து கூடவே வரும் 105 மைக்ரோ (மிகப் பக்கத்தில் போய் எடுப்பதற்கானது), 200-500, இவை இரண்டையும் மாட்ட ஓர் அடாப்டர். பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம், அங்கிருந்து கோடியக்கரை. அன்றன்றைய இரவே எழுதிப் போட்டுவிடுவதாக உத்தேசம்.

வல்லம் தாண்டுவதற்குள் கேட்டுவிட்டாள்: "சித்தப்பா, அடுத்து எந்த லென்ஸ் வாங்கட்டும்?"

கேமரா வைத்திருக்கும் எல்லோரும் ஏதாவது ஒரு கட்டத்தில் கேட்கிற கேள்விதான். பெரும்பாலும் பதில் விலையிலிருந்தோ யாரோ போட்ட வீடியோவிலிருந்தோ தொடங்கும். நான் வேறு இடத்தில் தொடங்குவேன். எடுக்க நினைக்கும் பொருளுக்கு எவ்வளவு பக்கத்தில் போய் நிற்க முடியும்? அந்தத் தூரம் லென்ஸைச் சொல்லிவிடும். அந்த லென்ஸ் ஒழுங்காக வேலை செய்ய என்ன வேண்டுமோ, அதை வைத்து பாடியை, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவை, பார்க்கலாம். நிறையப் பேர் கையிருப்பு முழுவதையும் புதுப் பாடியில் போட்டுவிட்டு, மிச்சக் காசுக்குக் கிடைத்த லென்ஸோடு அலைவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. இந்த ஊர்களைத் தேர்ந்தெடுத்ததும் அதற்காகத்தான். கோயிலில் சிற்பத்தின் மூக்கு வரைக்கும் போகலாம். கோடியக்கரையில் பூநாரைக்கும் நமக்கும் நடுவே சேறு கிடக்கிறது.

பெரிய கோயிலில் மாலைதான் கேமராவை எடுத்தோம். விமானத்தின் மேற்கு முகத்தில் அப்போதுதான் வெயில் விழும். 216 அடி உயரத்தைப் பக்கத்தில் நின்று 18 மி.மீ.யில் அண்ணாந்து எடுத்தால் சிகரம் குறுகி, கோபுரமே பின்னால் சாய்ந்துவிட்டதாகத் தெரியும். லென்ஸின் குறை என்று நினைப்பவர்கள் உண்டு. கேமராவை மேலே தூக்கியதுதான் காரணம். படம் பதியும் சென்சார் சுவருக்கு இணையாக இல்லாவிட்டால் எந்த லென்ஸிலும் நேர்க்கோடுகள் மேலே ஒன்றையொன்று நெருங்கும். கம்ப்யூட்டரில் நிமிர்த்தலாம், ஆனால் மேல்பகுதியை இழுத்து அகலமாக்கும்போது அங்கே துல்லியம் போய்விடுகிறது. கேமராவை அண்ணாத்தாமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தி எடுக்க, இதற்கென்றே லென்ஸ்கள் இருக்கின்றன. நிக்கானின் 19 மி.மீ. அப்படிப்பட்டது, விலை நம் ஆசைக்கு அடங்காது.

ஆனால் தஞ்சாவூரில் அதற்குத் தேவையே இல்லை. பிராகாரம் அவ்வளவு பெரிது. திருச்சுற்று மாளிகையின் மூலை வரை பின்னால் நடந்து, செங்குத்தாகப் பிடித்து, லேசாக மட்டும் நிமிர்த்தினால் சாய்வு கண்ணில் படாத அளவுக்குக் குறைந்துவிடும். படத்தின் கீழ்ப்பகுதியில் வரும் தரையில் நடந்துபோகிறவர்களையும் சேர்த்துக்கொண்டாள். விமானம் எவ்வளவு பெரிது என்பதை அவர்கள் சொல்லிவிடுகிறார்கள். கேமராவோடு வந்த லென்ஸில் எடுத்த படம், ஒளி நுழையும் துவாரம் எஃப்/8 (எண் கூடினால் துவாரம் சிறிது), மிக நன்றாக வந்திருக்கிறது.

முக்காலியை வண்டியிலேயே வைத்துவிட்டோம். தொல்லியல் துறை வளாகங்களில் முன் அனுமதி இல்லாமல் அதை விரிக்க விடமாட்டார்கள். மூலவரைப் படம் எடுக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளி இரவு, கும்பகோணம்

தாராசுரத்தில் ஒரு பகல் முழுக்க இருந்தோம். இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயில். பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இங்கே அளவைப் பார்த்து ஏமாந்து அரைமணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். கேமரா வைத்திருப்பவன் அப்படிச் செய்யவே கூடாது. இங்கே வேலை எல்லாம் சின்ன அளவில், கண்மட்டத்துக்குக் கீழே கூட இருக்கிறது.

முதலில் வெளிச்சத்தைப் பார்த்தோம். தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகும். தெற்குச் சுவரில் வெயில் சாய்வாக விழுந்து ஒவ்வொரு உளிக்கோட்டையும் எடுத்துக் காட்டுகிறது. வடக்குச் சுவர் நாள் முழுக்க நிழல். இரண்டுமே வேண்டும். சாய்வான வெயில் புடைப்பைக் காட்டும், நிழல் முகத்தைக் காட்டும். கேமராவிலிருக்கும் பிளாஷ் மட்டும் வேண்டவே வேண்டாம். நேரே முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் கல்லில் குழி எது, மேடு எது என்றே தெரியாமல் போய், சிற்பம் சுவரோடு ஒட்டிவிடும்.

கருவறைச் சுவரின் அடிப்பகுதியில் நாயன்மார் கதைகள் வரிசையாகச் சின்னச் சின்னப் பலகைகளாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. குனிந்து, சில இடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இவள் முதலில் 18 மி.மீ.யில் பக்கத்தில் போய் எடுத்தாள். பலகையின் நடு பெரிதாகி ஓரங்கள் வளைந்தன. பிறகு 70-300ஐ மாட்டினாள். அது ஒரு மீட்டருக்குச் சற்று மேலே தள்ளி நின்றால்தான் ஃபோகஸ் ஆகும், ஆனால் அந்தத் தூரத்திலிருந்து எடுத்த படத்தில் உருவங்களின் அளவு சரியாக இருந்தது. என் 105 மைக்ரோ இந்த இடத்துக்கென்றே செய்தது. ஒரே ஒரு முகத்தை ஃபிரேம் முழுக்க நிரப்பலாம், ஓரத்தில்கூட வளையாது.

மைக்ரோவால் நீண்ட நேரம் எடுத்தது யானையும் காளையும் சேர்ந்த அந்தப் புடைப்புச் சிற்பத்தை. இரண்டுக்கும் தலை ஒன்றுதான். ஒரு பக்க உடலைக் கையால் மறைத்தால் யானை நிற்கிறது. மறுபக்கத்தை மறைத்தால் காளை. காளையின் கொம்பும் யானையின் தந்தமும் ஒரே வளைவில் எப்படி அடங்குகின்றன என்பது வெறும் கண்ணுக்கு எட்டாது. ஃபோகஸ் வளையத்தைத் திருகிக்கொண்டே போனால், கோடு ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாறும் இடத்தில் உளி சற்று ஆழமாக இறங்கியிருப்பது தெரிகிறது. அந்தக் கல்தச்சரின் கைக்கு நான் இவ்வளவு பக்கத்தில் போனதே இல்லை. ஒரு லென்ஸ் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இதற்கு எஃப்/5.6 போதும். புடைப்புக்கு ஆழம் அதிகமில்லை, கேமரா கல்லுக்கு இணையாக இருந்தால் முழுக்கத் தெளிவாக வரும். எதற்கெடுத்தாலும் எஃப்/16 வைப்பவர்கள் சென்சார் தூசியையும் சேர்த்துப் படமெடுக்கிறார்கள். அவ்வளவு சிறிய துவாரத்தில் ஒளி சிதறி மொத்தத் துல்லியமும் குறைகிறது.

மாலை ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். கல்யாணப் படம் எடுப்பவர், மிரர்லெஸ்ஸுக்கு மாறிவிட்டதால் பழைய லென்ஸ்களை விற்கிறார் என்று தெரிந்த ஒருவர் சொல்லியிருந்தார். மேசையில் இரண்டு 85 எஃப்/1.8 வைத்தார். ஒன்று டி வகை, இன்னொன்று ஜி. டி வகையின் விலை குறைவு, பார்க்கவும் புதிதாக இருந்தது. இவள் கை அதன் பக்கம்தான் போனது.

"அது உனக்கு ஆகாதும்மா" என்றார் அவர். "உன் பாடிக்குள்ள மோட்டார் கிடையாது."

நேர்மையான மனிதர். டி வகை லென்ஸுக்குள் மோட்டார் இல்லை, பாடியிலிருந்து ஒரு திருகு சுழன்றுதான் ஃபோகஸ் நகர வேண்டும். டி5600இல் அந்தத் திருகு இல்லை. என் இசட்5இன் அடாப்டரிலும் இல்லை. கையால் ஃபோகஸ் செய்யலாம், ஆட்டோ ஃபோகஸ் வராது. நிக்கானின் எஸ்எல்ஆர், டிஎஸ்எல்ஆர் லென்ஸ் இணைப்பு 1959லிருந்து ஒன்றேதான் என்பதால் பெரும்பாலான பழைய லென்ஸ்களை மாட்டிவிட முடியும், ஆனால் மாட்ட முடிகிற எல்லாம் வேலை செய்யாது. பழைய லென்ஸ் வாங்கும்போது விலைக்கு முன்னால் பெயருக்குப் பின்னாலிருக்கும் எழுத்தைப் பாருங்கள்.

ஜி வகையைச் சோதித்தோம். கதவைச் சாத்தி, மொபைல் டார்ச்சை லென்ஸின் பின்பக்கம் சாய்வாகப் பிடித்து, முன்பக்கமாகப் பார்க்க வேண்டும். தூசி நாலைந்து இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் ஓரத்திலிருந்து கிளம்பியிருந்தால் அது பூஞ்சை. நம் டெல்டா ஈரத்தில் பீரோவுக்குள் பூட்டி வைத்த லென்ஸ்களுக்கு வருகிற வியாதி. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். அப்புறம் பின்புறத்து நெம்புகோலை விரலால் தள்ளி, துவாரத்தைச் சுருக்கி விரிக்கும் அபெர்ச்சர் இதழ்கள் சட்டென்று திரும்புகின்றனவா, எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று பார்த்தோம். இணைப்பு வளையத்தின் திருகுத் தலைகள் சிதைந்திருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கடைசியாக அவள் கேமராவிலேயே மாட்டி, எஃப்/1.8இல் காலண்டரின் தேதியை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தோம். தேதி தெளிவு. புது விலையில் பாதிக்குச் சற்று மேலே கொடுத்து வாங்கிவிட்டாள்.

"சித்தப்பா, கோடியக்கரைக்கு இது எதுக்கு?"

எதற்குமில்லை. நாளைக் காலைக்கு இது.

சனி இரவு, வேதாரண்யம்

கங்கைகொண்ட சோழபுரத்தில் கூட்டமே இல்லை. புல்வெளியில் தூரமாக நின்று விமானத்தின் உட்குழிந்த வளைவைப் பார்ப்பதே பெரிய சுகம். ஆனால் நாங்கள் போனது வடக்கு வாசல் படிக்கட்டுப் பக்கம் இருக்கும் சண்டேசானுக்ரக மூர்த்திக்காக. சிவன் உமையோடு அமர்ந்து, காலடியில் கைகூப்பி இருக்கும் சண்டேசர் தலையில் பூமாலையைச் சுற்றிவிடுகிறார். தை மாதத்தில் கோயிலின் நிழலே அந்தப் பக்கம் கிடப்பதால் வெளிச்சம் மென்மையாக இருந்தது.

புது 85 இங்கே கைகொடுத்தது. டி5600இன் சென்சார் ஃபுல் ஃபிரேமைவிட (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு) சிறிது, பார்வைக் கோணத்துக்கு ஒன்றரையால் பெருக்க வேண்டும். ஆக 85 அவளுக்கு 127 போல நடந்துகொள்கிறது. நாலடி தள்ளி நின்றாள். மாலையைக் கட்டுகிற விரல்கள், குனிந்த தலை, இரண்டும் மட்டும். ஜூம் இல்லாததால் அவளே நகர வேண்டியிருந்தது, அப்படி நகரும்போது கண் தேட ஆரம்பிக்கிறது. ஒரு முறை இடது பக்கம் ஓரடி வைத்தாள். சண்டேசரின் முகம், மாலைக்குக் கீழே, அதுவரை தெரியாத சாயலில் தெரிந்தது. கால் போகிற இடத்தில் பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸ் என்று நான் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான். நடக்க இடம் இருந்தால் ஜூமின் வசதியைவிடப் பெரிய துவாரமும் குறைந்த எடையும் மேல்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நெடுக காரில்தான். வேதாரண்யம் வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் கொஞ்ச நேரம் இறங்கினோம். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்தே வந்து உப்பெடுத்தது இந்தப் பக்கம்தான். நாங்கள் காரில் வந்ததற்கே முதுகு வலிக்கிறது என்றாள். உப்புக் குவியலைக் கேமரா தன்போக்கில் எடுத்தால் சாம்பல் நிறத்தில் வரும். பார்ப்பதையெல்லாம் நடுத்தர வெளிச்சமாக்கப் பார்ப்பது அதன் மீட்டரின் இயல்பு. எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (வெளிச்சம் இரண்டு மடங்கு) கூட்டினால் வெள்ளை வெள்ளையாக வருகிறது. நாளைக்குச் சதுப்பிலும் மீட்டரின் இந்த இயல்பை நினைவில் வைக்க வேண்டும்.

ஞாயிறு இரவு, வேதாரண்யம்

பறவைகளையே எடுக்கும் என் நண்பர் ஒருவர் இந்த ஊர்க்காரர். விடியும் முன்பே வந்து நின்றார். அவர் கையில் நிக்கான் டி500, அதில் என்னிடம் இருக்கும் அதே 200-500. டி500 வந்தது 2016இல். கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர், இன்றைய கணக்கில் பழைய பாடி.

வெளிச்சம் வரும்போது சதுப்பின் ஓரத்தில் இருந்தோம். பூநாரைகள் தூரத்தில் நீண்ட ஒரு வரிசையாக, தலையைக் கவிழ்த்துத் தண்ணீரை அலசியபடி மேய்ந்துகொண்டிருந்தன. இன்னும் பக்கத்தில் போகலாமா என்று இவள் கேட்டாள். போகக் கூடாது. சேறு கால் முட்டி வரை இழுக்கும் என்பது ஒரு பக்கம். அதைவிட, நெடுந்தூரம் பறந்து வந்து இரை தேடும் பறவைகளைப் படத்துக்காகக் கிளப்பிவிடுவது பெரிய தப்பு. கைதட்டிப் பறக்க விட்டு எடுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அந்தப் படங்களை ரசிக்க என்னால் முடிந்ததில்லை. இங்கே கால் நின்றுவிடுகிறது. மிச்சத் தூரத்தை லென்ஸ்தான் கடக்க வேண்டும்.

ஒரே லென்ஸ், இரண்டு பாடி. இப்படி ஒப்பிட வாய்ப்பு அடிக்கடி கிடைக்காது. மேய்ந்துகொண்டிருக்கும் பறவையை எடுத்தபோது என் இசட்5க்கு நிறமும் நிழல் பகுதியும் அழகாக வந்தன. ஆனால் தூரப் பறவையை வெட்டிப் பெரிதாக்க வேண்டுமே. என் 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில், டி500 காட்டும் அதே பரப்பை வெட்டியெடுத்தால் கையில் மிஞ்சுவது 10 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேலே. அவர் பாடி அந்தப் பரப்பிலேயே கிட்டத்தட்ட 21 வைத்திருக்கிறது. அதே பறவையின் மேல் இரண்டு மடங்கு புள்ளிகள். ஃபுல் ஃபிரேம் என்றால் எல்லாவற்றிலும் உசத்தி என்று நினைப்பவர்கள் ஒரு காலை இங்கே வந்து நிற்கலாம்.

அப்புறம் உள்ளான் (சின்னக் கரைப் பறவை) கூட்டம் ஒன்று தண்ணீரை உரசிக்கொண்டு திரும்பியது. அவை திரும்பும் கணத்தில் எல்லா வயிறும் ஒன்றாக வெள்ளையாக மின்னும், அடுத்த கணம் சாம்பல் முதுகு. என் கேமரா நொடிக்கு நாலரைப் படம் எடுக்கும், அடாப்டர் வழியாக அந்தக் கனமான லென்ஸின் ஃபோகஸும் தயங்குகிறது. மனிதக் கண்ணையும் நாய், பூனைக் கண்ணையும் தானே பிடிக்கும் இசட்5க்குப் பறவை என்று ஒன்று இருப்பதே தெரியாது. டி500 நொடிக்கு 10 படம், ஃபிரேமின் இரு ஓரம் வரைக்கும் பரவிய 153 ஃபோகஸ் புள்ளிகள். நண்பரிடம் வெள்ளை மின்னும் கணம் வரிசையாக விழுந்திருந்தது, ஷட்டர் 1/2500 நொடி. பாடிக்குப் பணம் போட வேண்டிய இடம் இது ஒன்றுதான் என்பது என் தீர்மானம்: வேகமாக, கணிக்க முடியாமல் ஓடுகிற, பறக்கிற எதுவும். பறவையைத் தானே கண்டுபிடிக்கும் இசட்8, இசட்9 எல்லாம் பின்னால் வந்தன. அந்த விலைக்கு நல்ல பைக் வாங்கலாம்.

இவளுடைய 70-300க்குத் தூரம் எட்டவில்லை, ஆனாலும் பூநாரை வரிசையைச் சின்னதாக, வானமும் தண்ணீரும் சேர்ந்துவிடுகிற அகலத்தில் வைத்து எடுத்தாள். அந்தப் படம் எனக்கு என் படங்களைவிடப் பிடித்திருக்கிறது.

ஒன்பதரை மணிக்கு மேலே எங்கள் எல்லோருடைய படமும் குழைய ஆரம்பித்தது. ஃபோகஸ் சரி, ஷட்டர் சரி, ஆனால் பறவையின் விளிம்பு நெளிகிறது. சேற்றிலிருந்து எழும் வெப்பக் காற்று. நீண்ட லென்ஸில் தூரப் பொருளை எடுக்கும்போது அவ்வளவு காற்றையும் சேர்த்துத்தான் எடுக்கிறோம். இதைத் தெரியாமல் லென்ஸ் கெட்டுவிட்டது என்று சர்வீஸுக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். எவ்வளவு விலை கொடுத்த லென்ஸும் இதற்கு மருந்தாகாது. பையைக் கட்டிவிட்டு மாலை வரை காத்திருக்க வேண்டியதுதான்.

மாலை வெளிமான்களைத் தேடிப் புல்வெளிக்குப் போனோம், நுழைவுச் சீட்டு வாங்கி, வண்டியை விட்டு இறங்காமல். ஜன்னல் கண்ணாடியை இறக்கி, அரிசி நிரப்பிய துணிப்பையை விளிம்பில் வைத்து, 2.3 கிலோ லென்ஸை அதன்மேல் அமர்த்தினேன். முக்காலியைவிட இது நன்றாக நிற்கும், எஞ்சினை மட்டும் நிறுத்திவிட வேண்டும். கறுத்த முதுகு, வெள்ளை வயிறு, முறுக்கிய கொம்போடு ஓர் ஆண் மான் நின்றது. வயிற்றின் வெள்ளை வெளுத்துப் போகாத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறைத்துக்கொண்டேன், முதுகின் கறுப்பைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். வெளுத்துப் போனது திரும்பி வராது.

திங்கள் இரவு, திருச்சி

வந்ததும் முதல் வேலை துடைப்பது. கோடியக்கரைக் காற்றில் உப்பு இருக்கிறது, பாடியின் மூட்டுகளிலும் லென்ஸ் வளையத்திலும் பிசுபிசுப்பாக உட்காரும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளியே துடைத்து, பிறகு உலர்ந்த துணி. முன் கண்ணாடியை முதலில் ஊத வேண்டும், துகளோடு தேய்த்தால் கீறல். அங்கே லென்ஸ் மாற்றுவதைக் கூடிய மட்டும் தவிர்த்தோம், மாற்றியதெல்லாம் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான். உலர்ந்த பிறகு சிலிக்கா ஜெல் போட்ட, மூடி இறுகும் டப்பாவுக்குள் எல்லாம் போய்விட்டன.

அவள் தன் கணக்கை வரும் வழியிலேயே முடித்துவிட்டாள். டி5600ஐ மாற்றப் போவதில்லை. 85 அவளோடு இருக்கும். அடுத்த சீசனில் பறவைக்கென்று போகும்போது 200-500ஐ வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு, கையும் தோளும் ஒத்துக்கொண்டால் மட்டும் வாங்குவாளாம். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

நான் இசட்5ஐக் கோயிலுக்கு வைத்துக்கொண்டு, பழைய டி500 ஒன்று தேடப் போகிறேன். அதன் ஷட்டர் 2 லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டது. ஓடியிருப்பது அதில் பாதிக்குள் இருந்தால் யோசிக்காமல் வாங்கலாம். நண்பருக்குத் தெரிந்தவர் ஒருவர் நாகப்பட்டினத்தில் விற்கிறாராம். ஷட்டர் எண்ணிக்கையும், கேமராவிலிருந்து நேரே எடுத்த ஒரு படத்தின் கோப்பும் கேட்டுச் செய்தி அனுப்பியிருக்கிறேன்.